கேள்வி-பதில்: உச்சக் குளிரும் எண்ணெய் மின்சாரமும்

குளிர்காலம் நெருங்கும்போது வாசகர்களின் கேள்விகளும் சூடாகி விடுகின்றன. இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் மின்சாரத்தைப் பற்றியவை. அவற்றிலும் பல எண்ணெயில் ஓடும் மின் நிலையங்களைப் பற்றியவை. ஆகவே இந்த இதழ் முழுவதும் அதற்கே.

கே: கியூபெக் முழுக்க நீர்மின்சாரம் என்று பெருமையாகச் சொல்கிறோம். பிறகு எதற்கு எண்ணெயில் ஓடும் மின் நிலையம்?
- வாசகர், பார்க் எக்ஸ்டென்ஷன்

ப: ஆண்டு முழுவதற்கும் போதுமான தண்ணீர் இருக்கிறது. ஒரு சில மணித்தியாலங்களுக்கு வேண்டிய வேகம்தான் போதாமல் போகிறது. கிணறு நிறையத் தண்ணீர் கிடந்தாலும் ஒரு துலாவால் ஒரு மணித்தியாலத்தில் இவ்வளவுதான் இறைக்க முடியும் என்பது யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வடக்கே உள்ள நீர்த்தேக்கங்கள் கிணறு. விசையாழிகளும் மின்கம்பிகளும் துலா.

மாகாண மின் நிறுவனமான ஹைட்ரோ-கியூபெக்கின் சொந்த உற்பத்தித் திறன் சுமார் 37,000 மெகாவாட். 2023 பெப்ரவரி 3ஆம் தேதிக் கடுங்குளிரில் மாகாணத்தின் தேவை 43,000 மெகாவாட்டை ஒட்டிப் போனது. அப்படிப்பட்ட நாளில் லாப்ரடோரின் சர்ச்சில் ஃபோல்ஸ் மின்சாரம் வேண்டும், காற்றாலைகள் வேண்டும், அயலவரிடம் வாங்க வேண்டும், பெரிய தொழிற்சாலைகள் பாவனையைக் குறைக்க வேண்டும். அந்த வரிசையின் கடைசியில் நிற்பதுதான் எண்ணெய்.

கே: அந்த நிலையம் எங்கே இருக்கிறது?
- வாசகி, லசால்

ப: மொன்றியலிலிருந்து செயின்ட் லோரன்ஸ் ஆற்றோடு கீழே போனால், துருவா-ரிவியேருக்கு எதிர்க்கரையில் உள்ள பெக்கான்கூரில். நான்கு விசையாழிகள், மொத்தம் 411 மெகாவாட். 1992-93இல் இயங்கத் தொடங்கியது. விசையாழியின் பெயர் வாயு விசையாழி என்றாலும் அது குடிப்பது டீசலை ஒத்த இலகு எண்ணெய். ஹைட்ரோ-கியூபெக்கின் பிரதான வலையமைப்பில் எஞ்சியிருக்கும் ஒரே அனல் மின் நிலையம் இதுதான்.

முன்பு இன்னும் இருந்தன. மொன்றியலுக்கு எதிர்க்கரையில் லா பிரெய்ரியில் லா சித்தியேர், அபிதிபியில் கடிலாக், சொரெல்-ட்ரேசியில் ட்ரேசி. எல்லாம் மூடப்பட்டு விட்டன.

கே: ட்ரேசி பெக்கான்கூரை விடப் பெரியது அல்லவா? பெரியதை மூடிவிட்டுச் சிறியதை ஏன் வைத்தார்கள்?
- ஓய்வுபெற்ற பொறியியலாளர், லவால்

ப: கூப்பிட்டவுடன் வருபவரைத்தான் அவசரத்துக்கு வைத்துக்கொள்ள முடியும். ட்ரேசி 1964க்கும் 1968க்கும் இடையில் கட்டப்பட்டது; 660 மெகாவாட்; கனரக எண்ணெயை எரித்து, கொதிகலனில் நீராவி ஆக்கி, அதைக் கொண்டு விசையாழியைச் சுழற்றியது. குளிர்ந்து கிடக்கும் கொதிகலனைச் சூடாக்கவே பல மணித்தியாலம் பிடிக்கும். மாலை நேர உச்சத்துக்கு முதல் நாள் இரவே அடுப்பு மூட்ட வேண்டும். பெக்கான்கூரில் கொதிகலன் இல்லை. எண்ணெய் எரியும்போது வரும் சூடான வாயுவே நேரடியாக விசையாழியைச் சுழற்றுகிறது. அரை மணித்தியாலத்துக்குள் மின்சாரம் தயார். ட்ரேசி 2011இல் ஓய்வு பெற்றது.

கே: 411 மெகாவாட் எடுக்க எவ்வளவு எண்ணெய் எரியும்?
- பல்கலைக்கழக மாணவன், கோட்-டே-நேஜ்

ப: நல்ல கேள்வி தம்பி, கணக்கை நீங்களே போடலாம். ஒரு லீற்றர் எண்ணெயில் ஏறக்குறைய 10 கிலோவாட்-மணி வெப்பம் இருக்கிறது. இந்த வகை விசையாழி அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரம் ஆக்கும். மிச்சம் புகைபோக்கி வழியாகப் போய்விடும். ஆக, ஒரு லீற்றருக்கு மூன்றுக்குச் சற்று மேற்பட்ட அலகு (கிலோவாட்-மணி). முழு வேகத்தில் ஓடினால் மணித்தியாலத்துக்கு ஒரு லட்சம் லீற்றருக்கு மேல்.

இதையே வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் அறையில் உள்ள 1,500 வாட் ஹீற்றர் மாலை 4 மணி முதல் 8 மணி வரை எரிந்தால் 6 அலகு. அந்த 6 அலகும் பெக்கான்கூரிலிருந்து வருவதாக வைத்தால் இரண்டு லீற்றர் எண்ணெய் போனது. ஒரு அறை, ஒரு மாலை, இரண்டு லீற்றர்.

கே: உச்சப் பாவனை ஏன் எப்போதும் குளிரில்? கொழும்பிலும் சென்னையிலும் வெயிலில்தானே தட்டுப்பாடு?
- வாசகி, பியர்ஃபொன்ட்ஸ்

ப: அங்கே குளிராக்க மின்சாரம், இங்கே சூடாக்க மின்சாரம். கியூபெக்கின் பெரும்பாலான வீடுகள் மின்சாரத்தாலேயே சூடாகின்றன. வெளியே ஒரு பாகை குறைந்தாலும் இலட்சக்கணக்கான ஹீற்றர்கள் ஒரே நேரத்தில் கூடுதலாக எரியும். அதோடு காலையில் எல்லாரும் எழும்பிக் குளிக்கும் நேரமும், மாலையில் எல்லாரும் வந்து சமைக்கும் நேரமும் சேர்ந்தால் அதுதான் உச்சம். ஒண்டாரியோவில் உச்சம் பெரும்பாலும் கோடையில் வரும். ஆகவே நாங்கள் குளிர்காலத்தில் அவர்களிடம் வாங்குவதும் கோடையில் அவர்களுக்குக் கொடுப்பதும் இரு பக்கத்துக்கும் நன்மை.

கே: 2023 ஏப்ரலில் உறைமழை பெய்து மொன்றியலே இருண்டது. அப்போது பெக்கான்கூர் ஏன் எங்களுக்கு உதவவில்லை?
- கடை உரிமையாளர், கோட்-டே-நேஜ்

ப: மின்சாரம் இருந்தது, வரும் வழிதான் அறுந்து கிடந்தது. ஏப்ரல் 5ஆம் தேதி 11 லட்சம் வாடிக்கையாளர்கள் இருளில் போனதற்குக் காரணம் ஐஸ் சுமந்த மரக்கிளைகள் தெருக் கம்பிகளில் விழுந்தது.

இரண்டு வேலைகளை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். உச்ச நேர நிலையம் வலையமைப்புக்குக் கைகொடுப்பது. அது தூரத்தில் இருக்கலாம். அவசரகால ஜெனரேற்றர் கம்பி அறுந்த பிறகு கைகொடுப்பது; அது பாவிப்பவரின் வாசலிலேயே இருக்க வேண்டும். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

கே: 1998 ஐஸ் புயலில் ரயில் எஞ்சினைத் தெருவில் ஓட்டி மின்சாரம் எடுத்தார்கள் என்று அப்பா சொல்கிறார். உண்மையா?
- பாடசாலை மாணவி, பிரொசார்ட்

ப: அப்பா சொன்னது முழு உண்மை. மொன்றியலுக்கு எதிர்க்கரையில் உள்ள பூஷேர்வில் நகரம் இருளில் கிடந்தபோது, அப்போதைய மேயர் பிரான்சின் கட்புவா சி.என். ரயில் நிறுவனத்திடம் உதவி கேட்டார். 3502 என்ற இலக்கமுள்ள டீசல் எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து இறக்கி, தார்த் தெருவில் முந்நூறு மீற்றர் அளவுக்கு ஓட்டி, நகரக் கட்டடங்களுக்கு மின்சாரம் எடுத்தார்கள். சக்கரம் பதிந்த தடம் தெருவில் குழியாகக் கிடந்தது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. டீசல் ரயில் எஞ்சின் என்பதே ஓடும் மின் நிலையம்தான்: டீசல் எஞ்சின் மின்னாக்கியைச் சுழற்றும், அந்த மின்சாரம் சக்கரத்தைச் சுழற்றும். எஞ்சினின் சுழல்வேகத்தைச் சீராகப் பிடித்து வைத்தால் வீட்டு மின்சாரத்துக்கு வேண்டிய 60 ஹேர்ட்ஸ் கிடைக்கும். இருப்பதை வைத்து யோசித்த அந்த நகரத்தின் துணிவு பாடப் புத்தகத்தில் வர வேண்டியது.

கே: அந்தப் புயலில் மொன்றியலுக்குத் தண்ணீரும் நிற்கப் பார்த்ததாமே?
- வாசகர், வெர்டன்

ப: ஆம். 1998 ஜனவரி 9ஆம் தேதி வெள்ளிக்கிழமை, அட்வாட்டர், டெ பையே ஆகிய இரண்டு பெரிய நீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் மின்சாரம் நின்றது. பம்பிகள் நின்றால் குழாயில் தண்ணீர் இல்லை, தீயணைப்புக்கும் இல்லை. நகரத்தின் கையிருப்பு சில மணித்தியாலங்களுக்கே போதுமாக இருந்தது. மின்சாரம் திரும்பி வந்ததால் தப்பினோம்.

அவசரகால மின்சாரம் முதலில் யாருக்கு என்ற கேள்விக்கு அந்த வெள்ளிக்கிழமை பதில் சொல்லி விட்டது: தண்ணீர், மருத்துவமனை, முதியோர் இல்லம். மற்றெல்லாம் பிறகுதான்.

கே: எங்கள் மாடிக் குடியிருப்பில் மாதம் ஒரு முறை ஜெனரேற்றரை ஒரு மணித்தியாலம் ஓட்டிச் சத்தமும் புகையும் வைக்கிறார்கள். கரண்ட் இருக்கும்போது எதற்கு இந்த வீண் வேலை?
- குடியிருப்பாளர், டவுன்டவுன்

ப: ஓட்டாத ஜெனரேற்றர் ஓடாத ஜெனரேற்றர். சி.எஸ்.ஏ. சி282 என்ற கனேடியத் தரவிதி மாதம் ஒரு முறை, சுமை கொடுத்து, ஒரு மணித்தியாலம் ஓட்டச் சொல்கிறது. சுமை இல்லாமல் ஓட்டினால் டீசல் சரியாக எரியாமல் எஞ்சினுக்குள் கரி படியும். பற்றரி இறந்திருப்பதும், எண்ணெய் பழுதாகி வடிகட்டி அடைத்திருப்பதும் இந்தச் சோதனையில்தான் தெரிய வரும். அதே விதிப்படி ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெயையும் சோதிக்க வேண்டும். தீ பிடித்த இரவில் தீயணைப்பாளர் ஏறும் மின்தூக்கியும் தண்ணீர்ப் பம்பியும் அந்த எஞ்சினை நம்பித்தான் இருக்கின்றன. அந்த ஒரு மணித்தியாலச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மாதா மாதம் சத்தம் கேட்காவிட்டால்தான் முறையிடுங்கள்.

கே: ஒரு சின்ன ஜெனரேற்றர் வாங்கி கராஜில் வைத்தால் என்ன?
- குடும்பத் தலைவர், டொலார்-டே-ஓர்மோ

ப: வாங்குங்கள். ஆனால் கராஜில் வைத்து ஓட்டாதீர்கள். கதவைத் திறந்து வைத்தும் ஓட்டாதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிச் சொல்வேன்.

எஞ்சின் புகையில் கார்பன் மொனொக்சைட் இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தலையிடி, தலைச்சுற்று, வாந்தி என்று தொடங்கும். தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. 1998இல் புயலுக்குத் தப்பி இந்தப் புகைக்குப் பலியானவர்கள் இருக்கிறார்கள். ஜெனரேற்றரையும் கரி அடுப்பையும் வீட்டுக்குள் கொண்டு வந்ததால் போன உயிர்கள் அவை.

நான்கு விடயங்கள். ஒன்று, எஞ்சின் வீட்டுக்கு வெளியே, கதவு யன்னல்களிலிருந்து 6 மீற்றருக்குக் குறையாத தூரத்தில். இரண்டு, வீட்டுக்குள் பற்றரியில் இயங்கும் கார்பன் மொனொக்சைட் அலாரம். மூன்று, சுவர்ச் செருகியில் கம்பியைச் செருகி வீட்டுக்கு மின்சாரம் ஏற்றாதீர்கள். அது தெருக் கம்பிக்குத் திரும்பிப் போய், அங்கே வேலை செய்யும் தொழிலாளியைக் கொல்லும். மாற்று ஆளி வேண்டும். அதை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தகாரரே பூட்ட வேண்டும். நான்கு, எஞ்சின் ஆறிய பிறகே பெற்றோல் ஊற்றுங்கள்.

கே: எங்கள் பழைய வீட்டில் எண்ணெயும் மின்சாரமும் மாறி மாறி ஓடும் சூடாக்கி இருக்கிறது. இது சூழலுக்குத் தீங்கா?
- வீட்டு உரிமையாளர், அஹன்ட்சிக்

ப: உங்கள் பேஸ்மென்டில் இருப்பது உச்ச நேரத்துக்கு உதவும் ஒரு குட்டி நிலையம். மொன்றியலில் வெளியே மைனஸ் 12 பாகைக்குக் கீழே போனால் அது தானாக எண்ணெய்க்கு மாறும். மின்சார வலையமைப்புக்கு அந்த நேரம் சுமை குறையும். அதற்காகவே மற்ற நாட்களில் உங்களுக்கு மலிவு விலை.

சூடாக்குவதற்கு எண்ணெய் எரித்தே ஆக வேண்டுமென்றால், விசையாழியில் எரித்து மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் எடுப்பதை விட, வீட்டிலேயே எரித்து ஐந்தில் நான்கு பங்கு வெப்பம் எடுப்பது மேல். ஆனாலும் இது போகப் போகிற ஏற்பாடு. 2021 டிசம்பர் 31 முதல் புதிய வீடுகளில் எண்ணெய்ச் சூடாக்கி பூட்ட கியூபெக்கில் அனுமதி இல்லை. 2023 டிசம்பர் 31 முதல் பழையதை இன்னொரு எண்ணெய்ச் சூடாக்கியால் மாற்றவும் முடியாது. உங்கள் எண்ணெய்த் தாங்கி துருப்பிடிக்கிறதா என்று ஆண்டுதோறும் பாருங்கள். நிலத்தில் கசிந்த எண்ணெயைத் துப்புரவாக்கும் செலவு வீட்டையே விழுங்கும்.

கே: சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததே, அதுவும் இப்படிப்பட்ட நிலையம்தானா?
- சுன்னாகத்திலிருந்து வந்த அம்மா ஒருவர், மொன்றியல்

ப: ஆம் அம்மா, அதே குடும்பம்தான். போர்க்காலத்தில் யாழ்ப்பாணம் தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்ததால் எண்ணெய் எஞ்சின்களே கதியாயின. போர் முடிந்த 2009இலிருந்து தனியார் நிறுவனமான நொதர்ன் பவர் சுன்னாகத்தில் 30 மெகாவாட் நிலையத்தை நடத்தியது. 2013இல் அதே ஊரில் இலங்கை மின்சார சபையின் 24 மெகாவாட் ‘உத்துரு ஜனனி’யும் வந்தது.

யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு இல்லை; சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் குடிநீர். அந்தக் கல் துளையும் வெடிப்பும் கொண்டது. மேலே கொட்டியது கீழே இறங்கத் தடை இல்லை. சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபாய் கொடுக்குமாறு 2019 ஏப்ரல் 4ஆம் தேதி அந்த நிறுவனத்துக்கு நீதிமன்றம் கட்டளையிட்டது. தலைமுறை தலைமுறையாகக் குடித்த கிணற்றுக்கு அந்தத் தொகை ஈடாகாது. ஆனால் சட்டம் மக்கள் பக்கம் நின்றது பெரிய விடயம்.

வளர்ந்த நாட்டில் இது நடக்காது என்று எண்ண வேண்டாம். செயின்ட் லோரன்ஸ் வளைகுடாவில் உள்ள மடலேன் தீவுகளும் ஒரு எண்ணெய் நிலையத்தை நம்பியே வாழ்கின்றன. அங்கே 2014 செப்டெம்பரில் துறைமுகக் குழாய் ஒன்றிலிருந்து சுமார் ஒரு லட்சம் லீற்றர் டீசல் கசிந்தது. நிலையம் சிறியதாக இருக்கலாம். காவல் சிறியதாக இருக்கக் கூடாது.

கே: தமிழ்நாட்டிலும் இப்படி உண்டா?
- சென்னையிலிருந்து வந்த மென்பொருள் ஊழியர், கிரிஃபின்டவுன்

ப: உங்கள் ஊர் நடுவிலேயே உண்டு. சென்னை பேசின் பிரிட்ஜில் 1996இல் வந்த 120 மெகாவாட் நிலையம் நாஃப்தாவில் ஓடுவது. 30 மெகாவாட் விசையாழிகள் நான்கு. எரிபொருள் விலை காரணமாக அது பெரும்பாலும் உச்ச நேரத்துக்கும் அவசரத்துக்குமே. அதன் அருகிலேயே 1999இல் ஜி.எம்.ஆர். வாசவி என்ற 196 மெகாவாட் டீசல் நிலையம் வந்தது. நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாவித்தது அதன் சிறப்பு. மதுரைக்கு அருகே சமயநல்லூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமல்பட்டியிலும் ஏறக்குறைய நூறு மெகாவாட் எண்ணெய் நிலையங்கள் 2001இல் தொடங்கின. உச்ச நேரத்துக்கு மட்டும் ஓட வேண்டியதை நாள் முழுதும் ஓட்டினால் மின்சார வாரியத்தின் கணக்குப் புத்தகம் தாங்காது என்பதுதான் அவை விட்டுச் சென்ற பாடம்.

கே: ஆண்டில் பெரும்பகுதி சும்மா இருக்கும் நிலையத்துக்கு எங்கள் பணம் ஏன் போக வேண்டும்?
- கணக்காளர், செயின்ட்-லோரான்

ப: சும்மா இருப்பது இரண்டு வகை. தேவைப்படும்போது அரை மணித்தியாலத்தில் எழும்பி நிற்பதற்காகச் சும்மா இருப்பது ஒன்று, அது வேலை. திட்டம் பிழைத்ததால் சும்மா இருப்பது மற்றது, அது நட்டம். அதே பெக்கான்கூரில் டிரான்ஸ்கனடா நிறுவனம் இயற்கை எரிவாயுவில் ஓடும் 550 மெகாவாட் நிலையம் ஒன்றை 2006 செப்டெம்பரில் தொடங்கியது. அது நாள் முழுதும் ஓடுவதற்கென்று கட்டப்பட்டது. தேவை எதிர்பார்த்தபடி வளராததால் 2008 ஜனவரியில் நிறுத்தினார்கள். ஓடாத நிலையத்துக்கும் ஒப்பந்தப்படி ஹைட்ரோ-கியூபெக் ஆண்டுதோறும் பணம் கட்டியது. கணக்காளராகிய நீங்கள் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது.

கே: பெரிய பற்றரி வைத்துவிட்டு எண்ணெயை ஒழிக்க முடியாதா?
- உயர்தர மாணவர், லவால்

ப: மாலை நான்கு மணித்தியால உச்சத்துக்குப் பற்றரி நல்ல பொருத்தம், நள்ளிரவில் நிரப்பி மாலையில் கொடுக்கலாம். ஹைட்ரோ-கியூபெக்கே எவ்லோ என்ற பெயரில் பற்றரி நிறுவனம் தொடங்கியது. ஆனால் குளிர் நான்கு நாள் விடாமல் பிடித்தால் பற்றரியை நிரப்பவே மின்சாரம் தட்டுப்படும். 2017 டிசம்பர் கடைசியில் தொடங்கி இரண்டு வாரம் நீடித்த குளிரில் நியூ இங்கிலாந்து மாநிலங்கள் எரிவாயு போதாமல் சுமார் 20 லட்சம் பீப்பாய் எண்ணெய் எரித்தன. எண்ணெயைத் தாங்கியில் மாதக்கணக்கில் வைக்கலாம். அந்த ஒரு குணத்துக்குத்தான் அது இன்னும் நிற்கிறது. பற்றரி அதன் வேலையில் பாதியைப் பறித்தாலே பெரிய வெற்றி.

கே: தொண்ணூறுகளில் கரண்டே இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கில் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். நான்கு மணித்தியாலம் ஹீற்றரைக் குறைப்பது எங்களுக்கு ஒரு பொருட்டா?
- யாழ்ப்பாணத்து ஆசிரியர், பார்க் எக்ஸ்டென்ஷன்

ப: உங்கள் உறுதிக்கு வணக்கம் ஐயா. ஆனால் அங்கே விளக்கு இல்லாவிட்டாலும் உடம்பு குளிரவில்லை. இங்கே மைனஸ் 25. குழந்தையும் முதியவரும் இருக்கும் அறையைக் குளிர விடக் கூடாது. உச்ச நேரத்துக்கு முன்னரே வீட்டை ஒன்றிரண்டு பாகை கூட்டிச் சூடாக்கி, பிறகு ஒன்றிரண்டு பாகை குறையுங்கள். ஆளில்லாத அறையின் ஹீற்றரை இறக்கிக் கதவைச் சாத்துங்கள். துணி கழுவுவதையும் காய வைப்பதையும் இரவு 8 மணிக்குப் பிறகு வையுங்கள்.

கே: நாங்கள் வாடகை வீட்டுக்காரர். இதில் எங்களுக்கு என்ன லாபம்?
- வாசகி, கோட்-டே-நேஜ்

ப: மின் கட்டணம் உங்கள் பெயரில் வந்தால் லாபம் உண்டு. ஹைட்ரோ-கியூபெக்கின் குளிர்கால வரவுத் திட்டத்தில் சேருங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை, உச்சம் வரப்போகும் காலை மாலைகளை முதல் நாளே அறிவிப்பார்கள். அந்த நேரத்தில் வழக்கத்தை விடக் குறைத்துப் பாவித்த ஒவ்வொரு அலகுக்கும் சுமார் அரை டொலர் உங்கள் கணக்கில் வரவு. குறைக்க முடியாமல் போனால் தண்டம் இல்லை. ஃபிளெக்ஸ் டி என்ற இன்னொரு திட்டமும் உண்டு. அதில் உச்ச நேரத்துக்கு விலை பல மடங்கு. கைக்குழந்தையோ நோயாளியோ உள்ள வீட்டுக்கு முதல் திட்டமே நல்லது.

கே: கடைசியாக, உங்கள் தீர்ப்பு என்ன? எண்ணெய் மின் நிலையம் வேண்டுமா வேண்டாமா?
- பலர்

ப: இன்றைக்கு வேண்டும், எரிய வைக்காமல் இருப்பதே குறி. பெக்கான்கூரின் 411 மெகாவாட்டைச் சாதாரண ஹீற்றரின் 1,500 வாட்டால் பிரித்துப் பாருங்கள்: சுமார் 2,75,000 வரும். நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர் உள்ள மாகாணத்தில் 2,75,000 வீடுகள் உச்ச நேரத்தில் ஒரே ஒரு ஹீற்றரை இறக்கி வைத்தால் அந்த நிலையம் முழுவதும் தேவையற்றதாகி விடுகிறது. சுன்னாகத்துக் கிணற்றை நினைத்து வருந்தும் எங்கள் சமூகம் இந்தக் கணக்கில் முன்வரிசையில் நிற்க வேண்டும். இந்த வாரமே குளிர்கால வரவுத் திட்டத்தில் பதியுங்கள், ஒரு கார்பன் மொனொக்சைட் அலாரம் வாங்குங்கள், இரண்டையும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள்.